இரண்டு கோடுகளுக்கு நடுவே

மூன்றரை லிட்டர் டப்பாவைப் புனலில் கவிழ்த்துப் பிடித்திருந்த மெக்கானிக், உள்ளே இன்னும் கொஞ்சம் குலுங்கும்போதே அதை நிமிர்த்திவிடுகிறார். காருக்குச் சொந்தக்காரருக்கு முகம் மாறுகிறது.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க? மிச்சத்தையும் ஊத்திடுங்க. காசு குடுத்து வாங்கினதுதானே."

"போதும் சார்."

"கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லதுதானே?"

"கெடுதல் சார்."

மூடியை இறுக்கி டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு டிப்ஸ்டிக் பக்கம் போகிறார் மெக்கானிக். தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சுதான் இது. ஆனால் அந்தக் கார்க்காரர் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. நல்ல பொருள் ஒன்று கூடுதலாக இருந்தால் நன்மையும் கூடத்தானே செய்யும்? சோற்றிலும், கொடையிலும், பிள்ளைமேல் வைக்கும் பாசத்திலும், சாமிக்குச் செய்யும் பூசையிலும் மனிதர்கள் காலம் காலமாகக் கேட்டுவரும் கேள்வி அது. ஞானிகளும் தத்துவக்காரர்களும் இதற்குப் பதில் தேடியிருக்கிறார்கள். கையில் கிரீஸ் படிந்த மெக்கானிக்கிடமும் ஒரு பதில் இருக்கிறது. அதை முதலில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதைக் கண்ணால் காட்ட முடியும்.

இன்ஜினின் அடிவயிற்றில் சம்ப் என்றொரு தொட்டி உண்டு. மேலே ஊற்றும் ஆயில் வழிந்து வழிந்து அங்கேதான் போய்ச் சேரும். தொட்டியின் அடியில் மூழ்கியிருக்கும் குழாய் வழியாக பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டரில் வடிகட்டி, பேரிங், பிஸ்டன், வால்வு என்று எல்லா இடத்துக்கும் அனுப்புகிறது. பேரிங்குக்கும் சுழலும் இரும்புக்கும் நடுவே ஆயில் ஒரு படலமாக நிற்கிறது. தலைமுடியைவிட மெல்லிய படலம். அது நிற்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. அறுந்தால் உரசல், சூடு, கடைசியில் இன்ஜின் சீஸ்.

இதெல்லாம் ஆயில் குறைந்தால் நடப்பவை என்று எல்லோருக்கும் தெரியும். கூடினால் என்ன நடக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. சம்ப்புக்கு நேர் மேலே கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. வண்டி 3,000 ஆர்.பி.எம்.மில் போகும்போது அது நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஆயிலின் மட்டம் சரியாக இருந்தால் அது ஆயிலில் முங்காது. மட்டம் ஏறிவிட்டால், தயிர்ப்பானையில் மத்து இறங்கியது போல ஆகிவிடும். கடையக் கடைய நுரை. பம்ப் இப்போது ஆயிலை உறிஞ்சவில்லை, காற்றுக் குமிழிகள் நிறைந்த நுரையை உறிஞ்சுகிறது. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்க முடியும். ஆகவே அழுத்தம் விழுகிறது, பேரிங்கில் படலம் அறுகிறது, இரும்பை இரும்பு தொடுகிறது. வயிறு முட்ட ஆயில் இருந்தும் இன்ஜின் ஆயில் கிடைக்காமல் தவிக்கிறது.

மேல்கோட்டை ஒரு நூல் தாண்டிவிட்டால் அன்றே இன்ஜின் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஏறும்போதுதான் ஆபத்து. சீல்கள் வழியாகக் கசியும். சுவாசக் குழாய் வழியாகப் புகுந்து பெட்ரோலோடு எரிந்து சைலன்சரில் நீலப் புகையாக வரும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காலப்போக்கில் கெடுக்கும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பழமொழியைச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. ஆனால் இன்ஜின் காட்டுவது அதைவிட நுட்பமானது. அமிர்தம் இங்கே நஞ்சாக மாறவில்லை. அமிர்தம் அமிர்தமாகவே இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மிகுதி கடைசியில் பஞ்சத்தைத்தான் கொண்டுவருகிறது. குறை, மிகை என்று இரண்டு நோயாகத் தெரிந்தவை பேரிங்குக்குள் போய்ப் பார்த்தால் ஒரே நோய். திருக்குறளில் மருந்தைப் பற்றிய 95ஆம் அதிகாரம் கூடுதலையும் குறைவையும் ஒரே மூச்சில் நோய்க்குக் காரணமாக வைத்துத் தொடங்குவதன் ஆழம் இங்கே விளங்குகிறது. வள்ளுவர் வண்டியையும் விட்டுவைக்கவில்லை. வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் கட்டம் ஒன்று வரும் என்கிறார். இரும்பையோ கல்லையோ சொல்லாமல் மயிலிறகைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய கூர்மை இருக்கிறது. மென்மையான, அழகான, யாரும் சந்தேகப்படாத பொருளும் சுமையாகும்.

பிள்ளை வளர்ப்பைப் பாருங்கள். பிள்ளை விழுந்துவிடுமோ என்று ஒவ்வோர் அடிக்கும் கையை நீட்டுகிற தாய்தகப்பன் அன்பில்லாதவர்கள் என்று யாராவது சொல்வார்களா? அன்பு தளும்புகிறது. ஆனால் தன் காலில் நிற்கிறோம் என்ற தெம்பு, அந்த அன்பு கொடுக்க வேண்டிய அதே தெம்பு, பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. நுரைதான் போய்ச் சேருகிறது.

சரி, கூடுதலும் கூடாது, குறைவும் கூடாது. அப்படியானால் சரியான அளவு எது, அதை யார் சொல்வது? உண்மையான கடினம் இங்கேதான் தொடங்குகிறது.

காரோடு வரும் புத்தகம் ஓர் எண்ணைச் சொல்லும். சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் மூன்று லிட்டரை ஒட்டி இருக்கும். ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால் ஓர் எண், மாற்றாவிட்டால் அதைவிடச் சற்றுக் குறைந்த இன்னோர் எண். எண் தெரிந்துவிட்டது, அளந்து ஊற்றினால் முடிந்தது என்றுதான் தோன்றும். அனுபவப்பட்ட எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்வதில்லை. அவர் செய்வதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வண்டி சமதரையில் நிற்கிறது. சற்று ஓடிச் சூடான இன்ஜின், ஏனென்றால் வெதுவெதுப்பான ஆயில்தான் அடியில் படிந்த அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு ஆயில் முதலில் விரல் பருமனில் பாய்கிறது, பிறகு கயிறாகிறது, பிறகு நூலாகிறது, பிறகு சொட்டுகிறது. எவ்வளவு நேரம் சொட்டவிட்டாலும் இன்ஜினின் இடுக்குகளில் கொஞ்சம் பழைய ஆயில் தங்கவே செய்யும். அது எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. புது வாஷர் போட்டு போல்ட்டை முறுக்கி, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி மாட்டுகிறார். புத்தகம் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி நிறுத்துகிறார். இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டுகிறார், காலியான ஃபில்டர் நிறைய வேண்டும். அணைக்கிறார். சில நிமிடம் சும்மா நிற்கிறார். மேலே ஏறியதெல்லாம் கீழே இறங்கி வர வேண்டும்.

பிறகு டிப்ஸ்டிக்கை உருவுகிறார். உருவியதும் பார்ப்பதில்லை. துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, மறுபடி உருவித்தான் பார்க்கிறார். முதல் உருவலில் தெரிவது பொய்யாகவும் இருக்கலாம், குழாயின் பக்கத்தில் ஒட்டிய ஆயில் கம்பியில் இழுவி மட்டத்தைக் கூட்டிக் காட்டும். பழைய தடத்தைத் துடைக்காமல் எடுத்த அளவை அவர் நம்புவதில்லை.

கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள். கீழ்க்கோடு, மேல்கோடு. பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம். சரியான அளவு ஒரு புள்ளியாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு இந்த இரண்டு கோடுகள் ஆச்சரியம் தரும். அளவு ஓர் ஊசிமுனை கிடையாது. அதற்கு இடம் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. இன்ஜினைக் கட்டியவர்களே, சாதாரண மனிதர் சாதாரணக் கையால் ஊற்றுவார் என்று தெரிந்து, அந்த இடைவெளியை விட்டு வைத்திருக்கிறார்கள். அறத்தைக் கத்திமுனை நடையாக எண்ணி, ஓர் அங்குலம் பிசகினால் எல்லாம் போயிற்று என்று தங்களையே வதைத்துக்கொள்ளும் நல்லவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு இந்த இரண்டு கோடுகளைக் காட்ட வேண்டும்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இந்த இடத்தில்தான் வந்து நின்றார். அறம் இரண்டு எல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது என்று சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. அந்த நடு, கணக்குப் போட்டு வருகிற நடு கிடையாது என்றும் சொன்னார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மைலோ என்ற புகழ்பெற்ற மல்யுத்த வீரர். பத்து மினா எடை உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால் ஆறு மினாதான் சரி என்று பயிற்சியாளர் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்துவிட மாட்டார். மைலோவுக்கு அது காணாது, நேற்றுக் களத்துக்கு வந்த பையனுக்கு அது தாங்காது. பைக்குக்கு ஒரு லிட்டர், லாரிக்குப் பத்து லிட்டருக்கு மேல் என்பதை அறிந்த எந்த மெக்கானிக்கும் இதற்குத் தலையசைப்பார்.

இன்னோர் இடத்தில் அரிஸ்டாட்டில் லெஸ்போஸ் தீவின் கொத்தனார்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் ஈயத்தில் செய்த அளவுகோல் வைத்திருந்தார்கள். அது விறைத்து நிற்காமல் கல்லின் வடிவத்துக்கு ஏற்ப வளையும். சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்படுகிறது, எதிரே நிற்கிற வழக்கோ தனியானது, ஆகவே நீதிக்கு அந்த வளையும் அளவுகோல் வேண்டும் என்பது அவர் கருத்து. டிப்ஸ்டிக்கும் வளையும். மெல்லிய எஃகுப் பட்டையாக இருப்பதால்தான் வளைந்த குழாய்க்குள் நுழைந்து சம்ப் வரைக்கும் போய் உண்மையைத் தொட்டுத் திரும்புகிறது. ஆனால் கோடுகள் அழிவதில்லை. அளவுகோல் வளைய வேண்டும், கோடு மாறக் கூடாது.

காருக்குக் கோடு போட்டுக் கொடுக்க கம்பெனி இருக்கிறது. மனிதருக்கு? தமிழ்ச் சமணம் இதற்கு ஒரு துணிச்சலான பதில் வைத்திருக்கிறது. இல்லறத்தாரின் ஐந்து நோன்புகளில் ஒன்று பொருள் வரைதல். நிலம் இவ்வளவு, வீடு இவ்வளவு, பொன் இவ்வளவு, இதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்று இல்லறத்தார் தாமே தமக்கு ஓர் எல்லை வரைந்துகொள்வது. துறவிகளைப் போல எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. கோட்டை முன்கூட்டியே போடு என்றுதான் சொன்னது. ஆசை பொங்கிய பிறகு எங்கே நிறுத்துவது என்று யோசித்தால் நிறுத்தவே முடியாது என்பதைப் புரிந்துகொண்டவர்கள் வகுத்த நோன்பு அது. டப்பா கையில் கவிழ்ந்திருக்கும்போது கோடு போட முடியாது.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. பலமான மறுப்பு, தள்ளிவிட முடியாதது. உலகியல் காரியங்களுக்கு அளவு சரி, பக்திக்கு ஏது அளவு? இறைவன்மேல் வைக்கும் அன்பை எந்தக் கம்பி விட்டுப் பார்ப்பது? அளந்து வைத்த அன்பு வியாபாரம் ஆகாதா?

இந்தக் கேள்விக்குத் தமிழில் எண்ணெயை வைத்தே ஒரு கதை இருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் கலிய நாயனார் திருவொற்றியூரில் எண்ணெய் ஆட்டும் குலத்தில் பிறந்தவர். கோயிலில் இரவும் பகலும் எண்ணற்ற விளக்குகள் ஏற்றினார். செல்வம் கரைந்தது. பிறகு கூலிக்கு வேலை செய்து ஏற்றினார். கூலி வேலையும் கிடைக்காமல் போனபோது வீட்டையும் பொருளையும் விற்றார். மனைவியையும் விற்கப் பார்த்து, வாங்க ஆளில்லாமல் திரும்பினார். கடைசியில் அகல்களைப் பரப்பித் திரியிட்டு, எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தையே வார்க்கலாம் என்று கழுத்தை அரியத் தொடங்கினார்.

மனைவியை விற்கத் துணிந்த இடத்தில் இன்றைய வாசகருக்கு மனம் கூசும். கூச வேண்டும், அவள் அவருடைய எண்ணெய்ச் செலவுக்கான பொருள் கிடையாது. ஆனால் கதை முடிகிற விதத்தைக் கவனிக்க வேண்டும். அரியும் கையை இறைவன் வந்து பிடித்துக்கொள்கிறார். அந்த இரத்தம் எனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொள்ளவில்லை. அளவற்ற பக்தியைப் பாட வந்த புராணமே, அந்தப் பக்தியின் உச்சத்தில் கையைப் பிடித்து நிறுத்தும் ஒரு கையையும் வைத்திருக்கிறது. அன்புக்கு அளவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக எதை ஊற்றுகிறோம், யாரிடமிருந்து எடுத்து ஊற்றுகிறோம் என்பதற்கு அளவு உண்டு.

கோயில்களும் விளக்கை அளவோடுதான் எரித்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் நுந்தா விளக்கு என்று ஓயாமல் எரியும் விளக்குக்கான கொடைகள் நிறைய வருகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது அவற்றில் திரும்பத் திரும்பக் காணும் கணக்கு. உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. கிழடு தட்டிய ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து, மந்தை எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். எவ்வளவு பெரிய அரசனோ அரசியோ கொடுத்தாலும் அந்த விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய்தான். கொடையாளருக்கு இன்னும் ஆசை இருந்தால் இன்னொரு விளக்கு வைக்கலாம், இருக்கிற விளக்கில் இன்னோர் உழக்கு ஊற்ற முடியாது. ஊற்றினால் திரி மூழ்கி அணையும்.

1010இல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் கொடுத்த பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். ஆடவல்லான் என்றால் கூத்தாடும் பெருமான். எல்லைகளுக்கு அப்பாற்பட்டவன் என்று யாரை வணங்கினார்களோ, அவன் பெயரையே எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் வைத்தார்கள். கூடுதலும் குறைவும் இல்லாமல் அளப்பதை அவர்கள் வழிபாட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எண்ணெயும் விளக்கும் வரும் இன்னொரு கதை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மணமகனுக்காகக் காத்திருக்கும் பத்துக் கன்னியர். மணமகன் வரத் தாமதமாக, ஐந்து பேரின் விளக்குகள் எண்ணெய் இல்லாமல் அணையப் போகின்றன. மற்ற ஐந்து பேர் தப்பித்துக்கொள்கிறார்கள். அவர்களை வழக்கமாக நிறைய எண்ணெய் வைத்திருந்த புத்திசாலிகள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கூடுதல் எண்ணெய் எங்கே இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விளக்கில் இல்லை, தனியாகக் கொண்டுவந்த பாத்திரத்தில் இருந்தது. மெக்கானிக் மூடியை இறுக்கிக் கையில் கொடுத்த டப்பா அதுதான். மிச்சம் இருப்பதில் தவறு எதுவும் இல்லை. அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விவேகம்.

தன்னைத்தானே வருத்திக்கொண்ட பக்தியின் கையைப் பெரியபுராணத்தில் சிவன் பிடித்தார். பௌத்தத்தில் அதே காரியத்தை ஓர் உரையாடல் செய்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்து, மிருதுவான பாதங்களோடு வளர்ந்த சோணர் என்பவர் துறவு பூண்டு, இராசகிருகத்துக்கு அருகில் சீதவனத்தில் கடும் தவம் செய்தார். நடந்து நடந்து தியானித்ததில் பாதம் கிழிந்து நடைபாதை முழுக்க இரத்தம். பலன் எதுவும் இல்லை. வீட்டுக்கே திரும்பிப் போய்ச் செல்வத்தை அனுபவித்துக்கொண்டு தானதருமம் செய்யலாமா என்று யோசித்தார். புத்தர் அவரிடம் போய்க் கேட்டது வீணையைப் பற்றி. வீட்டில் இருந்தபோது சோணர் நல்ல வீணைக்காரர். நரம்பு மிக இறுக்கமாக இருந்தால் நாதம் வருமா, தொய்ந்திருந்தால் வருமா என்று கேட்டார். முயற்சியும் அப்படித்தான் என்று விளக்கினார்.

வீணை உவமையைப் பலர் அறிவார்கள். அதற்கடுத்து நடந்ததாக விநய நூல் சொல்வது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் அதுதான் இன்னும் மேலானது. புத்தர் சோணருக்குச் செருப்பு அணிய அனுமதி கொடுத்தார். எனக்கு மட்டும் என்றால் வேண்டாம், சங்கத்தில் எல்லோருக்கும் என்றால் போட்டுக்கொள்கிறேன் என்றார் சோணர். உடனே எல்லாத் துறவிகளுக்கும் அனுமதி வந்தது. ஒருவருடைய காயத்தைப் பார்த்து விதி திருத்தப்பட்டது. நடுவழி என்பதைப் பெரிய தத்துவமாகப் பேசிவிட்டுப் போகாமல், கிழிந்த பாதத்தைக் குனிந்து பார்த்த பிறகு ஒரு ஜோடி செருப்பாகக் கொடுத்த கருணை அது. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயமும் அதிகம் உண்பவருக்கும் உண்ணாமலே இருப்பவருக்கும், அதிகம் உறங்குபவருக்கும் விழித்தே கிடப்பவருக்கும் யோகம் கைகூடாது என்று கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வருகிறது.

ஆனால் நடுவழி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடு கிடையாது.

டிப்ஸ்டிக்கை உருவும்போது ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் மெக்கானிக்கின் முகம் இருண்டுவிடும். ஹெட் கேஸ்கெட் போய், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம் என்று அர்த்தம். அப்போது அவர் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீங்க என்பார். ஆயிலில் எவ்வளவு தண்ணீர் இருக்கலாம் என்ற கேள்வியே அவருக்குக் கிடையாது. அரிஸ்டாட்டிலும் இதைச் சொல்லத் தவறவில்லை. திருட்டு, கொலை, பிறன்மனை நயத்தல் ஆகியவற்றுக்குச் சரியான அளவு என்று ஒன்று இல்லை, அவை பெயரிலேயே தீமை என்றார்.

இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பதைத் தடை செய்கிறது. குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை, பக்குவமாகக் கடைப்பிடிக்கச் சொல்லவில்லை. இரட்டைக் குவளை வைத்திருக்கும் டீக்கடையிலும் தேர் ஒரு தெருவுக்குள் மட்டும் போகாத ஊரிலும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்கப்பா என்று நாட்டாமை பேசுகிறவர்கள் நடுநிலையாளர்கள் போலத் தோன்றலாம். அவர்கள் பால் நிறத்து ஆயிலை வைத்துக்கொண்டு மட்டம் பார்க்கிறார்கள். அளவைப் பற்றிப் பேசுகிற எந்தச் சமயமும் எந்தத் தத்துவமும் இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், அது பேசும் அளவுக்கு மதிப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருநாள் சரியாக வைத்த அளவு அப்படியே நிற்காது. ஓட ஓட ஆயில் கொஞ்சம் எரியும், கொஞ்சம் கசியும், மட்டம் இறங்கும். இதற்கு நேர்மாறாக, யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலே மட்டம் ஏறும் வண்டிகளும் உண்டு. இப்போதைய டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசல் விடும். நகரத்துக்குள் சின்னச் சின்னத் தூரமாக ஓட்டி அந்த எரிப்பு பாதியில் நின்றுபோனால், எரியாத டீசல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும். மட்டம் ஏறும், ஆயில் நீர்த்துப்போகும். போன மாதம் பார்த்தேன், சரியாக இருந்தது என்று அந்த வண்டிக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது போன மாதத்து உண்மை.

புதிய கார்கள் சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. சென்சார் அளந்து திரையில் காட்டிவிடும். வசதிதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பானெட்டைத் திறந்து, பழைய பனியன் துணியால் கம்பியைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நிறத்தையும் மட்டத்தையும் பார்த்த தலைமுறைக்குத் தன் வண்டியோடு இருந்த நெருக்கம் திரையில் வருமா என்பது சந்தேகம். வழிபாட்டையும் தானத்தையும் ஒரு பொத்தானில் முடித்துவிடும் காலத்திலும் இதே சந்தேகம் எழுகிறது. எண் சரியாக இருக்கும். குனிந்து பார்க்கும் பழக்கம் போய்விடும்.

புத்தகம் சொன்ன எண்ணும் வேண்டும், கொஞ்சம் குறைத்து ஊற்றிப் பொறுத்திருக்கும் பழக்கமும் வேண்டும். பழைய தடத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்கும் நேர்மையும், மறுவாரம் மறுபடி பார்க்கும் சலிக்காத மனமும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அளவு தப்பிவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூசையன்று ஸ்பானரையும் ஜாக்கியையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். அந்த வரிசையில் டிப்ஸ்டிக்குக்கும் ஒரு பொட்டு வைக்கலாம், அது தகுதியானதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆயில் மாற்றியதும் கையில் மிஞ்சுகிற அரை லிட்டரை மூடி இறுக்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் கூடுதலாக ஊற்றிவிட்டால் வண்டியை ஓட்டாமல், போல்ட்டைத் தளர்த்தியோ உறிஞ்சியோ மிகுதியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கீழே வடிந்த கறுப்பு ஆயில் என்ன ஆகிறது என்று அங்கேயே நின்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாத கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும். அதை அப்படிச் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்து வண்டியை விடுங்கள்.